தோற்றால் என்ன? சண்டை நடக்கட்டும்!

விண்வெளியில் ஒரு சவ அடக்கம் நடக்கிறது.

பெரிய போர்க்கப்பல் ஒன்று. அதன் பெயர் "டைகர்ஸ் கிளா". புலி நகம் என்று அர்த்தம். அந்தக் கப்பலில் இருந்து ஒரு சவப்பெட்டி வெளியே விடப்படுகிறது. நட்சத்திரங்களுக்கு நடுவே அது போகிறது. தளபதி நாலு வார்த்தை பேசுகிறார். எல்லோரும் தலை குனிந்து நிற்கிறார்கள்.

செத்தவர் யார்?

கூடப் பறந்த விமானி. எதிரிகள் அவரை வளைத்துக் கொண்டபோது ஆடுகிறவன் உதவிக்குப் போகவில்லை. இன்னொரு எதிரியைச் சுட்டுப் பெயர் வாங்கலாம் என்று தன் பாட்டுக்குத் துரத்திக் கொண்டு போய்விட்டான். அதன் பலன், இந்தச் சவப்பெட்டி!

இது சினிமா அல்ல. கதைப் புத்தகமும் அல்ல. கம்ப்யூட்டரில் ஆடுகிற ஆட்டம். "விங் கமாண்டர்" என்று பெயர். 1990-ம் ஆண்டில் வந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் என்ற நகரம் இருக்கிறது. அங்கே இருந்த ஒரிஜின் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி இதை வெளியிட்டது. உருவாக்கியவர் கிறிஸ் ராபர்ட்ஸ்.

அந்த விமானி செத்தால் செத்ததுதான். மறுபடியும் உயிரோடு வரமாட்டார். அவரைத் துணையாக அழைத்துக் கொண்டு போக வேண்டிய சண்டை பின்னால் வரும். அப்போது தனியாகத்தான் போக வேண்டும்.

பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? "சுட்டுத் தள்ளுகிற ஆட்டம்தானே! அதில் என்ன இருக்கிறது?" என்கிறார்கள். பல ஆட்டங்களைப் பற்றி அப்படிச் சொன்னால் தப்பில்லை. ஆனால் எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. நல்ல ஆட்டத்துக்கும் வெறும் ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் இல்லை. சத்தத்திலும் இல்லை. "மிஷன்" என்கிறார்களே, அதில் இருக்கிறது.

மிஷன் என்றால்?

மிஷன் என்றால் மேலிடம் கொடுக்கும் வேலை. "இந்த இடத்துக்குப் போ. இந்தக் கப்பலைக் காப்பாற்று. அந்தக் கப்பலை அழி. திரும்பி வா." இப்படி ஒரு கட்டளை. ஒரு ஆட்டத்தில் முப்பது, நாற்பது கட்டளைகள் இருக்கும். ஒன்றை முடித்தால் அடுத்தது வரும். சில நிமிஷத்தில் முடிவதும் உண்டு. அரை மணி இழுப்பதும் உண்டு.

முதல் விண்வெளிச் சண்டை ஆட்டத்தில் கட்டளையே கிடையாது. "ஸ்பேஸ்வார்" என்ற அந்த ஆட்டம் 1962-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் பிறந்தது. ஸ்டீவ் ரஸ்ஸலும் அவரது நண்பர்களும் செய்தார்கள். நடுவில் ஒரு நட்சத்திரம். அது இரண்டு கப்பல்களையும் தன் பக்கம் இழுத்துக் கொண்டே இருக்கும். ஒருவர் ஒரு கப்பலை ஓட்டுவார். எதிரே இருப்பவர் மற்றதை ஓட்டுவார். சுட்டவன் ஜெயித்தான். அவ்வளவுதான்!

பிறகு 1980-ம் ஆண்டு வாக்கில் "ஸ்டார் ரெய்டர்ஸ்" வந்தது. டக் நியூபாவர் என்பவர் அட்டாரி கம்ப்யூட்டருக்காக எழுதியது. இதில்தான் ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. கட்டம் கட்டமாக ஒரு வரைபடம். அதில் நம்முடைய விண்வெளி நிலையங்கள் இருக்கும். எதிரிகள் ஊர்ந்து ஊர்ந்து வந்து அவற்றைச் சுற்றி வளைப்பார்கள். சரியான நேரத்துக்குப் போகாவிட்டால் நிலையம் போய்விடும். எண்ணெய் தீர்ந்தால் நிரப்பிக் கொள்ள இடம் இருக்காது. எங்கே போவது, எதை விடுவது என்று யோசிக்க வேண்டி வந்தது.

கடைசியில் பட்டம் வேறு கொடுப்பார்கள். நன்றாக ஆடினால் பெரிய தளபதி. மோசமாக ஆடினால் குப்பைக் கப்பல் கேப்டன்! சமையல்காரர் பட்டமும் உண்டு.

பாம்பு கடித்தாலும் ஆட்டம் நிற்காது

பரமபதம் ஆடியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பாம்பு கடித்தால் காய் கீழே இறங்கும். ஆனால் ஆட்டம் முடிந்துவிடாது. கீழே இருந்து மறுபடி ஏறலாம். ஏணி கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம்.

"விங் கமாண்டர்" செய்த புதுமை இதுதான்.

ஒரு நட்சத்திர மண்டலத்தில் இரண்டு மூன்று மிஷன்கள் நடக்கும். அவற்றில் எடுத்த மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பார்கள். போதுமான மதிப்பெண் இருந்தால் கப்பல் முன்னேறும். இல்லாவிட்டால் பின்வாங்கும். பின்வாங்கின இடத்திலும் சண்டை உண்டு. அங்கே நன்றாக ஆடினால் பழைய பாதைக்குத் திரும்பலாம். தொடர்ந்து தோற்றால் சறுக்கிக் கொண்டே போக வேண்டியதுதான்.

ஜெயித்தவர்களுக்குக் கடைசி இடம் வெனிஸ் மண்டலம். அங்கே எதிரியின் பெரிய தளத்தை உடைக்கிறார்கள். தோற்றவர்களுக்குக் கடைசி இடம் ஹெல்ஸ் கிச்சன். நரகத்தின் சமையற்கட்டு என்று அர்த்தம்! அங்கிருந்து தப்பினால் போதும் என்று ஆகிவிடுகிறது.

எதிரிகள் பூனை முகம் கொண்ட கில்ராத்திகள். கதை பெரிய கதை அல்ல. வசனமும் சுமார்தான். ஆனால் ஆடுகிறவன் செய்த தப்பு அவனோடு கூடவே வருகிறது. வேறு எந்தப் பாட்டையும் விட இந்த ஒரு பாடம் பிள்ளைகள் மனதில் நிற்கும்.

ஆனால் நடந்தது என்ன? வேடிக்கையைக் கேளுங்கள்!

ஆடியவர்களில் பலர் தோல்விப் பாதையைப் பார்க்கவே இல்லை. ஒரு மிஷனில் தோற்றால் உடனே ஆட்டத்தை நிறுத்துவார்கள். முன்பு பதிந்து வைத்த இடத்தில் இருந்து மறுபடி ஆடுவார்கள். ஜெயிக்கும் வரை இதே வேலை. செத்த நண்பனும் எழுந்து விடுவான்! பணம் செலவு செய்து, மாதக் கணக்கில் உழைத்துத் தோல்விப் பாதையைக் கட்டினார்கள். அதில் நடக்க ஆள் இல்லை.

1991-ல் இரண்டாவது பாகம் வந்தது. அதில் கிளைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. கதை பெரும்பாலும் ஒரே நேர்க்கோட்டில் போயிற்று. கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. யாரும் சாப்பிடாத பண்டத்தை எத்தனை நாள் சமைப்பார்கள்?

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல

1993-ல் "எக்ஸ்-விங்" வந்தது. லூகாஸ் ஆர்ட்ஸ் கம்பெனி வெளியீடு. லாரன்ஸ் ஹாலண்ட் முக்கியமாக நின்று செய்தவர். 1977-ல் வந்த "ஸ்டார் வார்ஸ்" சினிமாவின் உலகம்தான் இதில் வருகிறது. சினிமாவில் வரும் விமானத்தில் தானே ஏறி உட்கார்ந்து பறக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது?

விமானத்தில் சக்தி ஓர் அளவுதான் இருக்கும். அதைத் துப்பாக்கிக்குக் கொடுப்பதா, கவசத்துக்குக் கொடுப்பதா, என்ஜினுக்குக் கொடுப்பதா? ஒன்றுக்குக் கூட்டினால் மற்றதற்குக் குறையும். சண்டைக்கு நடுவே இதையும் கவனிக்க வேண்டும். அருமையான யோசனை!

ஆனால் மிஷன்கள்? பல மிஷன்கள் விடுகதை போல இருந்தன. ஒரே ஒரு வழிதான் சரியான வழி. அந்த வழியை யாரும் சொல்லமாட்டார்கள். பத்தாவது நிமிஷத்தில் திடீரென்று ஒரு பக்கத்தில் குண்டு விமானங்கள் முளைக்கும். ஆடுகிறவன் மறுபக்கத்தில் இருப்பான். அவன் வந்து சேர்வதற்குள் காப்பாற்ற வேண்டிய கப்பல் வெடித்துவிடும். மிஷன் தோல்வி! மறுபடி முதலில் இருந்து தொடங்கு!

இரண்டாம் தடவை எங்கே முளைக்கும் என்று தெரியும். முன்னாலேயே போய்க் காத்திருக்கலாம். ஜெயித்து விடலாம். ஆனால் இது வீரமா? கேள்வித்தாளை முன்கூட்டிப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுகிற மாதிரிதான்.

முதல் தடவை போகிறவனும் புத்தியோடு நடந்தால் ஜெயிக்க வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்கு நடந்தது அநியாயம்.

எல்லோரும் வெறுக்கும் வேலை ஒன்று இருக்கிறது. அதுதான் காவல் மிஷன். சரக்குக் கப்பல் ஆமை வேகத்தில் போகும். வளையாது, நெளியாது. எதிரி சுட்டால் விலகவும் தெரியாது. அதை ஊர் போய்ச் சேர்க்க வேண்டும். இருபது நிமிஷம் உயிரைக் கொடுத்துக் காவல் காப்பான் பையன். கடைசி நிமிஷத்தில் ஒரு குண்டு தப்பி வந்து விழும். கப்பல் போச்சு! இருபது நிமிஷமும் போச்சு! நடுவில் பதிந்து வைத்துக் கொள்ளவும் வழி இருக்காது.

காவல் வேலை கெட்ட வேலை அல்ல. பார்க்கப் போனால் சுடுவதை விட உயர்ந்த வேலை அதுதான். ஒரே கப்பலுக்குப் பதில் ஆறு கப்பல்கள் இருக்கட்டுமே? நாலு தப்பினால் நாலுக்குப் பலன். இரண்டு தப்பினால் இரண்டுக்குப் பலன். போன கப்பலில் இருந்த மருந்து அடுத்த மிஷனில் கிடைக்காது, அவ்வளவுதான். தோல்விக்கும் வெற்றிக்கும் நடுவில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. அவற்றை ஏன் மறைக்க வேண்டும்?

கையில் பச்சை குத்தும் ரகசியச் சங்கம்

இந்த நடுப்படிகளை அழகாகக் காட்டிய ஆட்டம் மறு வருஷமே வந்தது. அதுவும் அதே ஹாலண்ட் குழு செய்ததுதான். பெயர் "டை பைட்டர்". ஆண்டு 1994.

இதில் ஆடுகிறவன் வில்லன் கட்சி! சக்கரவர்த்தியின் படையில் சாதாரண விமானி. ஆரம்பத்தில் கொடுக்கும் விமானத்துக்குக் கவசம் கூடக் கிடையாது. நாலு அடி பட்டால் தீர்ந்தது.

ஒவ்வொரு மிஷனுக்கு முன்பும் ஓர் அதிகாரி விளக்கம் சொல்வார். என்ன செய்ய வேண்டும், எதிரி யார் என்று கேள்வி கேட்கலாம். பதில் வரும். கண்ணைக் கட்டிக் காட்டில் விடும் வழக்கம் பெருமளவு போயிற்று.

அதே அறையில் இன்னொரு பக்கம் அங்கி போர்த்திய ஓர் ஆள் நிற்பான். அவன் சக்கரவர்த்தியின் ரகசியச் சங்கத்துக்காரன். அவனிடம் போனால் வேறு வேலையும் சொல்வான். "அந்தக் கப்பலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து வா" என்பான். செய்யாவிட்டாலும் பாதகமில்லை. செய்தால் சங்கத்தில் மரியாதை உயரும். விமானியின் கையில் பச்சை குத்துவார்கள்! பதவி ஏற ஏறப் பச்சைக் கோலமும் வளரும்.

இதில் உள்ள சூட்சுமத்தைப் பாருங்கள். கட்டாய வேலை ஒன்று. அதற்கு மேல் செய்ய வேண்டிய வேலை ஒன்று. விருப்பம் இருந்தால் செய்யும் வேலை ஒன்று. புதிதாக ஆடுகிற சிறுவன் முதல் வேலையை மட்டும் முடித்துவிட்டுத் திரும்பலாம். அவனுக்கும் வெற்றிதான். கெட்டிக்காரன் மூன்றையும் முடிப்பான். ஒரே மிஷன், இரண்டு பேருக்கும் ஏற்றது! வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே ஆட்டத்தை ஆடலாம்.

மிஷன் கட்டுகிறவர்களுக்குச் செலவும் அதிகமில்லை. புதுப் பாதை போட வேண்டாம். இருக்கிற பாதையிலேயே பக்கத்தில் சில மரங்களை நட்டால் போதும்.

ராவணன் வருகிறான்!

இனி "பிரீஸ்பேஸ்". முதல் ஆட்டம் 1998-ல் வந்தது. இரண்டாவது 1999-ல் வந்தது. இல்லினாய் மாநிலத்தில் சாம்பெய்ன் என்ற ஊரில் இருந்த வாலிஷன் கம்பெனி செய்தது.

இதன் எதிரிகளுக்கு "ஷிவன்கள்" என்று பெயர். அழிக்கும் கடவுளான சிவன் பெயரை ஒட்டி வைத்த பெயர். அவர்கள் கப்பல்களில் ஒன்று "ராவணா". இன்னொரு வகைக் கப்பல் "ராட்சசா". "ராகு" கூட உண்டு! அமெரிக்காக்காரர்கள் எங்கே போய்ப் பெயர் பிடித்தார்கள், பாருங்கள்!

இரண்டாவது ஆட்டத்தில் மனிதர்களிடம் "கொலாசஸ்" என்ற கப்பல் இருக்கிறது. நீளம் ஆறு கிலோ மீட்டர். கட்டி முடிக்க இருபது வருஷம் ஆனதாகக் கதை. எதிரியிடம் "சத்தானாஸ்" என்ற ராட்சதக் கப்பல் வருகிறது. அதன் முன்பக்கம் நாலு பெரிய பீரங்கிகள். ஆடுகிறவன் சின்னஞ்சிறு விமானத்தில் போய் அந்தப் பீரங்கிகளை உடைக்க வேண்டும். உடைத்தால்தான் கொலாசஸ் எதிர்த்து நிற்க முடியும்.

உடைக்கிறான். கொலாசஸ் ஜெயிக்கிறது. ஒரே கொண்டாட்டம்!

கொண்டாட்டம் முடிவதற்குள் செய்தி வருகிறது. சத்தானாஸ் ஒன்றல்ல. பின்னால் கூட்டம் கூட்டமாக வருகின்றன!

அதன் பிறகு ஓட்டம்தான். கொலாசஸ் அழிகிறது. எத்தனை கெட்டிக்காரன் ஆடினாலும் அதைக் காப்பாற்ற முடியாது. கதையை எழுதியவர்கள் அப்படி விதித்துவிட்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். எப்படி ஆடினாலும் தோல்வி என்றால் எதற்காக ஆட வேண்டும்? இது ஏமாற்று இல்லையா?

ஏமாற்று இல்லை. ஏன்? கொலாசஸ் ஆடுகிறவன் கையில் இல்லை. ஆனால் வேறு சில விஷயங்கள் அவன் கையில் இருக்கின்றன. யுத்தத்தில் ஒரு சிப்பாயின் நிலை அதுதானே? யுத்தத்தின் முடிவு அவன் கையில் இல்லை. பக்கத்தில் இருக்கும் படகு மட்டும் அவன் கையில் இருக்கிறது.

கடைசி மிஷன் இதற்குச் சாட்சி. கப்பெல்லா என்ற நட்சத்திரம் வெடிக்கப் போகிறது. ஜனங்கள் கப்பல் கப்பலாக ஏறித் தப்பி ஓடுகிறார்கள். ஆடுகிறவன் அவர்களுக்குக் காவல். நேரம் ஓடுகிறது. "திரும்பி வா!" என்று கட்டளை வருகிறது. அப்போது இரண்டு வழி உண்டு. உடனே வாசலைக் கடந்து தப்பிப் போகலாம். அல்லது நின்று இன்னும் கொஞ்சம் காவல் காக்கலாம். நின்றால் நட்சத்திரம் வெடிக்கும்போது அவனும் சாம்பல்!

செத்தால் "தோற்றாய், மறுபடி ஆடு" என்று திருப்பி அனுப்பவில்லை. அதுவும் ஒரு முடிவு என்று ஒப்புக் கொள்கிறார்கள். தப்பியவனுக்கு ஒரு முடிவுரை. தப்பாதவனுக்கு வேறு முடிவுரை. அதில் அவனுடைய தியாகத்தைச் சொல்கிறார்கள்.

இதே ஆட்டத்தில் இன்னொரு நல்ல காரியமும் உண்டு. ஒரு மிஷனில் ஐந்து தடவை தோற்றால், "வேண்டுமானால் அடுத்ததற்குப் போகலாம்" என்று கேட்பார்கள். சிலர் இதைக் கேலி செய்தார்கள். கையாலாகாதவனுக்குச் சலுகை என்றார்கள். காசு கொடுத்து வாங்கியவன் பாதியிலேயே நின்றுவிட வேண்டுமா? ஒரு பாடம் வரவில்லை என்பதற்காகப் புத்தகத்தையே பூட்டி வைப்பார்களா?

செலவுக்கு என்ன வழி?

"எல்லாம் சரி. ஆடுகிறவன் செய்வதற்கெல்லாம் பலன் காட்டினால் கதை நூறாகக் கிளைக்குமே! யார் கட்டுவது?" என்று கம்பெனிக்காரர்கள் கேட்கிறார்கள்.

அதற்கும் வழி இருக்கிறது. "பிரீஸ்பேஸ்" ஆட்டத்தோடு "பிரெட்" என்று ஒரு கருவி கொடுத்தார்கள். அதை வைத்து யாரும் மிஷன் கட்டலாம். வேலை செய்யும் விதம் எளிது. "இது நடந்தால் அதைச் செய்" என்று வரி வரியாக எழுத வேண்டும். இந்தக் கப்பல் அழிந்தால் அந்தச் செய்தியைக் கொடு. இரண்டு நிமிஷம் ஆனால் எதிரியை வரவழை. இப்படிப் பல வரிகள் சேர்ந்தது ஒரு மிஷன்.

முந்தின மிஷனில் நடந்ததைக் கேட்டுத் தெரிந்து கொள்ளவும் அதில் வசதி உண்டு. போன தடவை ஒரு கப்பல் தப்பியதா? தப்பியிருந்தால் இந்தத் தடவை அது உதவிக்கு வரட்டும். இல்லாவிட்டால் வராது. அவசரமாக அடுத்த சண்டைக்குப் போகும் மிஷன்களில் அடிபட்ட கப்பல் அடிபட்ட கோலத்திலேயே வரும். விமானமும் அப்படியே. உடைந்தது உடைந்ததுதான்.

கதை நேர்க்கோட்டில்தான் போகிறது. ஆனால் ஆடுகிறவன் தன் தழும்போடு போகிறான். நூறு கிளைகள் வேண்டாம். தப்பியவன் ஒருவன் அடுத்த மிஷனில் வந்து, "அன்று காப்பாற்றினாயே!" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு வரிதான்!

இன்று வரும் ஆட்டங்களில் படம் நிஜம் போல இருக்கிறது. கவசத்தில் சூரிய வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது. அதற்கே கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். அந்த ஒரு வரியை எழுதத்தான் பல பேருக்கு மனம் வருவதில்லை.

ஒரிஜின் கம்பெனி 2004-ல் மூடப்பட்டது. வாலிஷன் கம்பெனியும் 2023-ல் மூடப்பட்டது. ஆனால் 2002-லேயே வாலிஷன் ஒரு காரியம் செய்தது. "பிரீஸ்பேஸ்" இரண்டாவது ஆட்டத்தின் உள் எழுத்துக்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. அன்று முதல் பல நாட்டு ரசிகர்கள் சம்பளம் இல்லாமல் அதைச் செப்பனிட்டு வருகிறார்கள். "பிரெட்" கருவியை வைத்துப் புதுப்புது மிஷன்களைக் கட்டுகிறார்கள். கப்பெல்லா வெடித்த பிறகு, தப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்ற கதையை அவர்களே தொடர்ந்து எழுதுகிறார்கள்.